பூட்டி வைத்தால் காத்ததாகுமா?

வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய வீடியோக் கசெற்றுகளை என்ன செய்வது? இப்படியொரு கேள்வியை இந்தப் பக்கத்திலே கண்டதும், இது படம் பிடிக்கும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய விஷயமல்லவா, இதில் குருவானவருக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். கடைக்காரர் சொல்ல வேண்டிய பகுதியும் இதில் உண்டு. அதையும் பின்னர் ஓரளவு சொல்லத்தான் போகிறேன். ஆனால் நல்லூரில் வயதான தாயார் ஒருவர் இதனை என்னிடம் கேட்ட விதம் வேறு. "சுவாமி, உதுகளை எறியவும் மனம் வருகுதில்லை, போட்டுப் பாக்கவும் வழியில்லை. எறிஞ்சால் பாவமோ?" என்றார் அவர். பாவமோ என்று கேட்டுவிட்டால் அதற்கு மறுமொழி சொல்லக் கடைக்காரரால் இயலாது.

அவரிடம் இருந்தவை என்னென்ன என்று கேட்டேன். கணவரின் செத்தவீடு, மூத்த மகளின் கலியாணவீடு, பெறாமகன் ஒருவரின் குருப்பட்டம், கனடாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளின் முதல் நன்மை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்படி ஒரு பெட்டி இல்லாத வீடு குறைவு என்றே நினைக்கிறேன். 1982ஆம் ஆண்டு ரூபவாஹினி தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து, விடியவிடியப் படம் பார்த்த ஊர் இது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போனபோது இதே கருவி கடிதத்தின் வேலையை ஏற்றுக்கொண்டது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வரமுடியாத மகன் பார்ப்பதற்காகவே செத்தவீடு படமாக்கப்பட்டது. 1990இல் போர் மறுபடி மூண்டு குடாநாடு மின்சாரமின்றி இருளில் கிடந்த ஆண்டுகளிலும், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை வைத்துக்கொண்டு கலியாணங்களை எடுத்தார்கள். எடுத்ததை யாரோ கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து யாரோ இலண்டனுக்குக் கொண்டுபோனார்கள். எனவே இந்தக் கசெற்றுகளை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அவற்றிற் பெரும்பாலானவை பிரிந்திருந்தவர்களுக்கு எழுதப்பட்ட நிருபங்கள். அனுப்பியவர்களில் பலர் இன்று இல்லை.

நமது மக்களுக்கு அழிவைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே பன்மொழி அறிஞரான நம் தாவீது அடிகளார் உயிர்நீத்தார். இரண்டு ஆண்டுகளின் பின், 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது இந்நாட்டுத் திரைப்படங்கள் பலவற்றின் மூலச் சுருள்கள் எரிந்தன. இவற்றையெல்லாம் நினைக்கும்போது எமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. எரித்தவன் ஒருவன் இருக்கிறான். அவனை நோக்கி விரல் நீட்டலாம்.

ஆனால் மாரிகாலத்து ஈரம் ஓசையின்றி உட்புகுந்து, பெட்டிக்குள் இருந்த தகப்பனின் முகத்தை உரித்தெடுத்துவிட்டால் யாரை நோக்கி விரல் நீட்டுவது? இங்கே தீ வைத்தவன் இல்லை. பூசையின் தொடக்கத்தில் நாம் எல்லோரும் சொல்லும் பாவசங்கீர்த்தன செபத்திலே சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்து அறிக்கையிடுகிறோம். அது செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்ட குற்றம். நெஞ்சில் கைவைத்துச் சொல்லும்போது மற்ற மூன்றிலும் மனம் நிற்கிறது, இந்த நான்காவதிலே வழுக்கிப் போய்விடுகிறது. காரணம், செய்யாமல் விட்டதற்கு நாளும் நேரமும் இல்லை. கசெற் பழுதாவதும் அப்படியே. எந்த நாளில் அது அழிந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

அது எப்படி அழிகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். மூன்று மணிநேரக் கசெற் ஒன்றினுள் ஏறத்தாழ 260 மீற்றர் நீளமான நாடா சுற்றப்பட்டிருக்கிறது. அரை அங்குல அகலம், தலைமயிரிலும் மெல்லியது. அடியில் பொலியெஸ்ரர்ப் படலம். அதன்மேல் துருவின் இனத்தைச் சேர்ந்த இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகள். இரண்டையும் ஒட்டிவைத்திருப்பது ஒருவகைப் பசை. காட்சியும் குரலும் அந்தத் துருத்தூளின் காந்தத்திலே இருக்கின்றன. முதலில் பழுதாவது பசை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுத்துப் போகிறது. அப்படிப்பட்ட நாடாவை டெக்கில் போட்டால் தூள் உரிந்து கருவியின் தலையில் அப்பிக்கொள்கிறது. உரிந்தது தகப்பனின் முகமாகவும் இருக்கலாம். இதற்கு மேலாகப் பூஞ்சணம் வேறு. ஆவணக் காப்பகங்களில் இத்தகைய நாடாக்களை 20 பாகை செல்சியசுக்குக் கீழே, உலர்ந்த அறையில் வைப்பார்கள். நம் வீடுகளில் பங்குனி, சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே எத்தனை பாகை என்பது எல்லோருக்கும் தெரியும். கார்த்திகையில் சுவர் வியர்ப்பதும் தெரியும்.

நாடா நன்றாக இருந்தாலுங்கூட அதனை வாசிக்கும் கருவி இல்லாமற் போகிறது. இந்த வீடியோ முறையை ஜப்பானிய நிறுவனமாகிய ஜேவிசி 1976இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகில் கடைசியாக அந்த டெக்குகளைச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் யுனெஸ்கோவும் 2019இல் ஓர் எச்சரிக்கை விடுத்தன: காந்த நாடாக்களைப் பிரதி செய்யும் வேலையை 2025ஆம் ஆண்டளவில் முடித்துக்கொள்ள வேண்டும், அதன்பின் கருவியும் உதிரிப்பாகமும் திருத்தத் தெரிந்தவரும் கிடைப்பது அரிது என்பதே அதன் சாரம். அந்தத் தவணை முடிந்துவிட்டது. பெரிய இடங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1969இல் மனிதன் சந்திரனில் இறங்கியபோது பதிவான மூல நாடாக்கள் பின்னாளில் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று, நெடுநாள் தேடியபின் 2009இல் நாசா அறிவித்தது. தமிழின் முதற் பேசும் படமாகிய 1931ஆம் ஆண்டின் காளிதாஸ் படத்துக்கு ஒரு பிரதிகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை.

எனவே காத்தல் என்றால் என்ன என்பதையே நாம் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. தங்கத்தைப் பூட்டி வைத்தால் அது தங்கமாகவே இருக்கும். காணி உறுதியைத் தகரப் பெட்டியில் வைத்தால் பேரனும் அதை எடுத்து வாசிக்கலாம். இந்தப் பழக்கத்தில் ஊறிய நாம் கசெற்றையும் அதே பெட்டகத்தில், பூச்சி உருண்டை போட்டு, பூட்டி வைத்தோம். நம் அன்பிலே குறையில்லை, பொருளின் இயல்பை அறிந்துகொள்ளவில்லை என்பதுதான் குறை.

நல்லூருக்கு இதுபற்றிப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1736ஆம் ஆண்டளவில், மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியபோது தமக்கு முன்னிருந்த சில நூல்களை ஆதாரமாகக் கொண்டார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன அவை. முதலிரண்டும் நம்மிடம் இருக்கின்றன. நல்லூரிலிருந்து ஆண்ட அரசர்களைப் பற்றிய பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் இன்று இல்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் அவை கடைசிமுறையாக இருந்திருக்க வேண்டும். பத்திரமாகவே இருந்திருக்கும், ஆனால் எவரும் பார்த்து எழுதவில்லை. கைலாயமாலையைப் பார்த்தெழுத ஒருவர் இருந்தார், இராசமுறைக்கு இல்லை. நல்லூரில் நெடுங்காலம் பணிபுரிந்த ஞானப்பிரகாச சுவாமியார், 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை வெளியிட்டபோது இந்தக் குறையோடுதான் எழுத வேண்டியிருந்தது. (நல்லூரின் அழிவைப் பேசும்போது இன்னொன்றையும் நாம் மறைக்கக்கூடாது. 1621இல் இங்கிருந்த கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் நமது சமயத்தின் பெயரைத் தாங்கி வந்த போர்த்துக்கேயர். பிறர் நமக்குச் செய்த அழிவை எண்ணும் கணக்கில் இதுவும் ஒரு பக்கத்தில் நிற்கட்டும்.)

நமது வேதாகமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஒரு நூலுக்காவது அதை எழுதியவரின் கைப்பட்ட மூலம் இல்லை. புனித பவுல் கையொப்பமிட்ட நிருபம் ஒன்றுகூட எந்த அரும்பொருட்சாலையிலும் கிடையாது. இருப்பதெல்லாம் பிரதியின் பிரதி, அதன் பிரதி. துறவிகள் விளக்கொளியில் இருந்து எழுதி, பழையது நைந்ததும் புதியதற்கு மாற்றி, கைக்குக் கை கொடுத்த ஒன்றைத்தான் நாம் ஞாயிறுதோறும் முத்தி செய்கிறோம். பாரம்பரியம் என்பதற்குத் திருச்சபை வழங்கும் இலத்தீன் சொல்லுக்குக் கையளித்தல் என்றே பொருள். அதே வேளையில் நாம் புனிதர்களின் எலும்பையும் துணியையும் திருப்பண்டமாகப் போற்றுகிறவர்களும் ஆவோம். இரண்டும் நம்மிடம் உண்டு. கசெற் விஷயத்தில் நாம் திருப்பண்டத்தின் பக்கம் மட்டும் சாய்ந்துவிட்டோம் என்பது என் எண்ணம். பெட்டியை வணங்குகிறோம், உள்ளே இருக்கும் குரலைப் பிரதி செய்ய மறந்துவிடுகிறோம்.

எரேமியா இறைவாக்கினரின் வரலாற்றில் இரண்டு காட்சிகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. பாபிலோனியர் யெருசலேமை முற்றுகையிட்டிருக்கும் வேளையில் அவர் அனத்தோத்திலே பதினேழு வெள்ளிக்காசு கொடுத்து ஒரு காணி வாங்குகிறார். எதிரி வாசலில் நிற்கும்போது காணி வாங்குகிறவனைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். அந்த உறுதியை நெடுங்காலம் கெடாதிருக்கும்படி மண்பானையில் இட்டுவைக்கப் பாருக்கிடம் கட்டளையிடுகிறார். பானையில் வைத்த எழுத்து எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதை 1947 தொடக்கம் கும்ரான் குகைகளில் கண்டெடுத்த சுருள்கள் காட்டின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியை மடியில் கட்டிக்கொண்டு மழையில் நடந்த முதியவர்களுக்கு இந்த வேதப்பகுதியை விளக்க ஒரு பிரசங்கியும் தேவையில்லை. கசெற்றுகளோ வீட்டிலேயே கிடந்தன.

மற்றக் காட்சி யோயாக்கிம் அரசன் அந்த இறைவாக்கினரின் சுருளைக் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டது. எரேமியா மறுபடியும் சொல்ல, பாருக் மறுபடியும் எழுதினார். முன்னிருந்ததிலும் அதிகமாக எழுதினார். நமது நூலகத்துக்கும் ஓரளவு இது வாய்த்தது. கட்டடம் மறுபடி எழுந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தினர் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வீடு வீடாகத் தேடி, படம் பிடித்து, எவரும் இலவசமாக வாசிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்த்து வருகிறார்கள். ஓரிடத்தில் எரிந்த நூலுக்கு இன்னோரிடத்தில் பிரதி இருந்தபடியாலேயே இது சாத்தியமாயிற்று. கலியாணக் கசெற்றுக்கோ பெரும்பாலும் இன்னொரு பிரதி இல்லை. எரேமியா உயிரோடு இருந்தபடியால் திரும்பச் சொன்னார். உங்கள் அப்பப்பாவைத் திரும்பப் பேசவைக்க யாரால் முடியும்?

பங்குகளின் நிலையை இதைவிடக் கவலையோடு பார்க்கிறேன். யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் பதினெட்டாம் நூற்றாண்டிலே எழுதிய வியாகுலப் பிரசங்கம் அச்சில் இருக்கிறது, அது அழியாது. ஆனால் தபசு காலத்தில் அதை ஒவ்வொரு கிராமமும் பாடி வாசிக்கும் இராகம் அச்சில் இல்லை. கரையோர ஊர்களில் நாட்டுக்கூத்துக் கொப்பிகளைப் பெட்டியில் வைத்துப் பேணும் அண்ணாவிமார் பரம்பரைகள் உண்டு. கொப்பியிலே பாட்டு இருக்கும், கால் எப்படி வைப்பது என்பது இருக்காது. அது ஆடியவரின் உடம்பிலும், யாராவது எடுத்திருந்தால் ஒரு நாடாவிலும் மட்டுமே இருக்கும். 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிய திருப்பாடுகளின் காட்சிகளைப் பார்த்தவர்கள் இன்னும் அவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். 2021இல் அடிகளார் மறைந்துவிட்டார். ஊர்தோறும் அப்படியான திருப்பாட்டு நாடகங்களை யாரோ ஒரு கமராவில் எடுத்திருப்பார்கள். அந்தக் கசெற் எந்த அலுமாரியில் கிடக்கிறதோ!

ஆனால் எல்லாவற்றையும் காக்கத்தான் வேண்டுமா? இங்கேதான் கேள்வி கடினமாகிறது. முறிந்துபோன கலியாணத்தின் கசெற் இருக்கிறது. அதைப் பார்ப்பதே புண்ணைக் கீறுவதாக இருக்கும். மகனின் பெட்டியின்மேல் விழுந்து தாய் அழுத அழுகை இருக்கிறது; அவர் அழுதது கடவுளுக்கும் மகனுக்கும் முன்னால், நாளைக்குக் கைத்தொலைபேசியில் பார்க்கப்போகிற அந்நியருக்கு முன்னால் அல்ல. சுற்றிவளைப்புக் காலங்களில் பயத்தினால் தாமே அடுப்பில் போட்டு எரித்த படங்களும் நாடாக்களும் எத்தனை! பிள்ளையின் உயிரா, பிள்ளையின் படமா என்ற நிலையில் நின்ற தாய்மாரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன்.

திருச்சபையின் சட்டமே இவ்விஷயத்தில் ஒருதலையாக இல்லை. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. இன்றைய சட்டத் தொகுப்பின் 535ஆம் இலக்கச் சட்டம் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றின் பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் கவனமாக எழுதிக் காக்க வேண்டும் என்கிறது. அதே தொகுப்பின் 489ஆம் சட்டமோ, ஒழுக்கம் சம்பந்தமான குற்ற வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால், அல்லது தீர்ப்பாகிப் பத்து ஆண்டு சென்றுவிட்டால், அந்த ஆவணங்களை ஆண்டுதோறும் அழித்துவிடும்படி ஆயரின் இரகசியக் காப்பகத்துக்குக் கட்டளையிடுகிறது. நடந்ததன் சுருக்கமும் தீர்ப்பும் மட்டும் எஞ்ச வேண்டும். காக்கும் கடமையும் அழிக்கும் கடமையும் ஒரே நூலில் சில பக்க இடைவெளியில் நிற்கின்றன. ஆயினும் கவனியுங்கள்: அங்கே அழிப்பதற்கு ஒரு முறை உண்டு, பொறுப்பானவர் உண்டு, எஞ்ச வேண்டியது எது என்ற விதியும் உண்டு. பூஞ்சணத்துக்கு இந்த விவேகம் எதுவும் கிடையாது. வேண்டாத கசெற்றை அது விட்டுவைத்து, வேண்டியதைத் தின்றுவிடும். ஆகவே என் தீர்ப்பு இது: எறிவது பாவமா என்று கேட்டால், உரியவர்கள் ஒன்றுகூடி, பார்த்து, யோசித்து, மனமொத்து அழிப்பது பாவமாகாது. பார்க்காமலும் யோசிக்காமலும், அழியட்டும் என்றுகூட நினைக்காமல், அதுவாக அழியவிடுவதே எனக்குப் பாரதூரமாகத் தோன்றுகிறது. புனித தோமஸ் அக்குவைனஸ் நினைவை விவேகம் என்னும் புண்ணியத்தின் ஓர் அங்கமாக வைத்தார். நினைவாற்றலை வளர்ப்பதற்கும் அக்கறை வேண்டும் என்று கற்பித்தார்.

பக்தியுள்ள ஒருவர் இன்னொரு தடை சொல்லலாம். இறந்தவர்களை ஆண்டவர் நினைவில் வைத்திருக்கிறார், நாம் பூசை ஒப்புக்கொடுக்கிறோம், போதாதா என்பார். நல்ல தடை. 387ஆம் ஆண்டில் ஒஸ்தியாவிலே மரணப்படுக்கையில் கிடந்த புனித மோனிக்கம்மாளும் ஏறக்குறைய இதையே சொன்னார். தம் உடலை எங்கே அடக்கினாலும் கவலையில்லை, ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்பதே அவருடைய வேண்டுகோள். மகன் அகுஸ்தீன் அப்படியே செய்தார். ஆனால் அதோடு நிற்காமல் அந்தத் தாயைப் பற்றி எழுதியும் வைத்தார். அவர் பிள்ளைக்காக அழுதது, சிறுவயதில் திராட்சரசத்தை இரகசியமாகக் குடித்துப் பழகியது, எல்லாவற்றையும் எழுதினார். அந்நூலைப் பல நூறு ஆண்டுகளாகக் கைகள் பிரதி செய்தபடியால், ஆயிரத்து அறுநூறு ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்துத் தாய்மார் சங்கங்களும் மோனிக்கம்மாளை அறிந்திருக்கின்றன. கடவுளின் நினைவுக்கு நமது நாடா தேவையில்லை என்பது மெய். பேரப்பிள்ளைக்குத் தேவைப்படலாம். ரொறன்ரோவில் பிறந்து, தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு பிள்ளை, தன் பூட்டியார் செபமாலை சொல்லும் குரலைக் கேட்பதற்கு வேறு வழி என்ன?

இனிக் கடைக்காரரின் பகுதிக்கு வருவோம். கசெற்றை அடுக்கிப் படுக்கவைக்காமல் புத்தகம்போல நிமிர்த்தி வைக்க வேண்டும். நாடா முழுவதும் ஒரு பக்கத்துக்குச் சுற்றப்பட்டிருக்க வேண்டும். நிலத்திலும் வெளிச்சுவரை ஒட்டியும் அடுப்படிப் புகையிலும் வைக்கலாகாது. பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலும் வைக்கலாகாது, அதற்குள் காந்தம் இருக்கிறது. கசெற்றின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்ரிக் மூடி இருக்கும். அதை ஒடித்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது. கண்ணாடிச் சாளரத்தின் வழியே பாருங்கள். சுற்றின்மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. கருவியிலும் தொற்றி, அடுத்துப் போடும் கசெற்றுக்கும் பரவும். அதனை உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். கனடாவிலிருந்து வந்தவை நம் நாட்டு முறையிலன்றி என்ரிஎஸ்சி என்ற வேறு முறையில் பதிவானவை. இங்குள்ள சாதாரண டெக்கில் அவை நிறமிழந்தோ உருண்டோ தெரிந்தால் பழுதென்று எறிந்துவிட வேண்டாம், இரண்டு முறையும் தெரிந்த கருவி வேண்டும். கொம்பியூற்றருக்கு மாற்றியபின் ஒரு பிரதி போதாது. இரண்டு வெவ்வேறு தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில், கூடுமானால் ஒன்று வேறு நாட்டில் இருக்கட்டும். அந்தத் தட்டுகளும் சாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னோர் ஏட்டை மாற்றி எழுதியதுபோன்ற வேலைதான் இது, கை மட்டும் நோகாது. மாற்றிய பின்னும் மூலக் கசெற்றை உடனே எறிய வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் முந்திச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. படத்தில் நிற்பவர்களின் பெயரை எழுதுவது. நம் பங்குப் பதிவேடுகள் மூன்று வரியில் ஒரு மனிதனைச் சொல்லிவிடுகின்றன. பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய் தகப்பன், திகதி. கசெற்றில் மூன்று மணிநேரம் முகம் இருக்கும், பெயர் இராது. மணவறைக்குப் பின்னால் குடைபிடித்து நிற்பவர் யார், கோயில் வாசலில் சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் கொடுக்கும் பொடியன் யார், அவன் இப்போது எங்கே என்பதெல்லாம் எண்பது வயதுப் பெரியம்மா ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். நாடாவுக்கு இன்னும் சில ஆண்டு தவணை கிடைக்கலாம். பெரியம்மாவுக்குக் கிடைக்கும் என்று யார் சொன்னது? போட்டுப் பார்க்க முடியாவிட்டாலும், கசெற்றைக் கையில் கொடுத்து, இது எந்த ஆண்டு, யாருடைய கொண்டாட்டம், யார் யார் வந்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதலாம்.

இதனை வீட்டுக்கு வீடு தனித்தனியே செய்வது கடினம். டெக் ஒன்றைத் தேடிப் பிடித்துத் திருத்தி வைப்பது ஒரு குடும்பத்துக்குச் செலவு, பத்துக் குடும்பம் சேர்ந்தால் செலவில்லை. பங்கு இளைஞர் மன்றத்தினர் முதியோரோடு இருந்து இந்தப் பெயர்க் கொப்பியை எழுதத் தொடங்கலாம். பிள்ளைகளுக்குக் கொம்பியூற்றர் தெரியும், முதியோருக்கு ஆட்களைத் தெரியும். ஐப்பசி மழைக்கு முன் அலுமாரிகளைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. திருப்பாட்டு நாடகம், நாட்டுக்கூத்து, வியாகுலப் பிரசங்கம், பழைய திருநாட்கள் ஆகியவற்றின் கசெற் உங்கள் வீட்டில் இருந்தால் அதனைத் தபாலில் அனுப்ப வேண்டாம், வழியில் வெயிலில் கிடக்கும். ஊர், ஆண்டு, நிகழ்ச்சி, அதில் தெரிபவர்களின் பெயர்கள், கசெற்றின் இப்போதைய நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். குடும்பத்துக்கு மட்டும் உரியவை எவை, ஊரும் பார்க்கலாம் என்பவை எவை என்பதை அதே தாளில் நீங்களே குறித்துவிடுங்கள்.